அடுத்தது யாரு தாத்தா?



பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, காபியைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

சார் எப்போது கால்பந்துக்கு மாறினார் என்று சிலர் சிரிப்பீர்கள். எல்லாம் என் மகள் வயிற்றுப் பேரன் செய்த வேலை. கல்லூரியில் படிக்கிறான். லிவர்பூல் கிளப்பின் ரசிகன். விடுமுறைக்கு வந்தால் ராத்திரியில் டிவி அவன் கையில்தான். பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கும் பழகிவிட்டது. ஒரு பாதி 45 நிமிடம், நம் பாடவேளை மாதிரி. நடுவில் விளம்பரம் கிடையாது. அது எனக்குப் பிடித்துப் போனது.

கால்பந்து பார்க்காத உறவுகளுக்காக ஒரு வரி. அங்கே மேனேஜர் என்பவர் நம் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் மாதிரி. யார் விளையாடுவது, யார் உட்காருவது, யாரைத் தட்டிக்கொடுப்பது, யாரைக் கண்டிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஜெயித்தால் மாலை, தோற்றால் திட்டு, இரண்டும் அவருக்கே.

2025 நவம்பரில் லிவர்பூல் சொந்த மைதானத்திலேயே நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டிடம் 0-3 என்று தோற்றது. நான்கே நாளில் அதே மைதானத்தில் பி.எஸ்.வி. ஐந்தோவனிடம் 1-4. பேரன் சாப்பிடவில்லை. போனில் ரசிகர்கள் எல்லாம் "அடுத்த மேனேஜர் யார்?" என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். என்னையும் இழுத்தான்.

"அடுத்தது யாரு தாத்தா? நீங்க சொல்லுங்க."

"ஏன்டா, ஏழு மாசத்துக்கு முன்னாடி இதே ஆளுதானே உங்களுக்கு லீக் கோப்பை வாங்கிக் கொடுத்தார்? கட்டில் மேல ஏறிக் குதிச்சியே!"

"அது கிளாப் உருவாக்கின டீம் தாத்தா. யார் வந்திருந்தாலும் ஜெயிச்சிருக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. ஜெயித்தால் பழையவர் கட்டிய அணி. தோற்றால் புதியவர் செய்த தப்பு. அப்படியென்றால் அந்த மனிதருக்கு என்று எதுதான் சொந்தம்? அந்தக் கோடையில்தான் அந்த அணியின் டியோகோ ஜோட்டா கார் விபத்தில் இறந்துபோனார். கூடப் படித்த பிள்ளையைப் பறிகொடுத்த வகுப்பு உடனே தலைநிமிர்ந்து பாடம் படிக்காது என்பது நமக்குத் தெரியும். ரசிகர்களின் கணக்கில் அதெல்லாம் எத்தனை பேருக்கு ஞாபகம் வந்ததோ.

அன்றிலிருந்து இந்த மேனேஜர்கள் கதையைத் தேடித் தேடிப் படித்தேன். நாற்பது வருடம் சாக்பீஸ் பிடித்தவனுக்கு அதில் தெரிந்த விஷயம் ஒன்றுதான். "அடுத்து யார்" என்று சண்டை போடுகிற அளவுக்கு, "போனவர் முழுசாகப் போனாரா, நாம் அவரைப் போகவிட்டோமா" என்று யாரும் கேட்பதில்லை.

லிவர்பூலுக்கே வருவோம். 1959-ல் பில் ஷாங்க்லி வந்தபோது அது இரண்டாம் டிவிஷனில் கிடந்த கிளப். மேலே கொண்டுவந்து மூன்று லீக் பட்டம் வாங்கினார். 1974-ல் திடீரென்று விலகினார். ஊரே அழுதது. அவருக்குப் பின் யார் என்று பெரிய பெரிய பெயர்களாகப் பேசினார்கள். கிளப் கொண்டுவந்ததோ பாப் பெய்ஸ்லியை. அங்கேயே விளையாடி, அங்கேயே அடிபட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்து, ஷாங்க்லியின் பக்கத்திலேயே இருந்தவர். அதிகம் பேசமாட்டார். எனக்கு இந்தப் பதவியே வேண்டாம் என்று தயங்கியவர்.

ஷாங்க்லிக்கோ வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. தினமும் பயிற்சி மைதானத்துக்கு வந்துவிடுவார். வீரர்கள் பழைய பழக்கத்தில் அவரையே "பாஸ்" என்று கூப்பிட்டார்கள். புதிய பாஸ் பக்கத்திலேயே நிற்கிறார், பாவம். கடைசியில் ஷாங்க்லி வருவதை நிறுத்தவேண்டியதாயிற்று. கிளப் தன்னை ஒதுக்கிவிட்டது என்ற வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. பெய்ஸ்லியின் முதல் வருடம் பெரிய கோப்பை எதுவும் இல்லை. அன்றே வெளியே அனுப்பியிருந்தால் பிறகு வந்த ஆறு லீக் பட்டமும் மூன்று ஐரோப்பியக் கோப்பையும் யார் கணக்கில் போயிருக்குமோ!

மான்செஸ்டர் யுனைடெட்டில் கதை வேறு மாதிரி. 1968-ல் ஐரோப்பியக் கோப்பை வென்ற மேட் பஸ்பி அடுத்த வருடம் பொறுப்பை வில்ஃப் மெக்கின்னஸிடம் கொடுத்தார். அவருக்கு வயது 31. பஸ்பி ஓய்வு பெற்று வீட்டுக்குப் போகவில்லை. பொது மேலாளர் என்ற பெயரில் அதே கட்டடத்தில் இருந்தார். வீரர்களுக்குக் குறை என்றால் புதியவரைத் தாண்டிப் பெரியவரிடம் போனார்கள். 1970 டிசம்பரில் மெக்கின்னஸை இறக்கிவிட்டு, பஸ்பியே திரும்ப வந்து உட்கார்ந்தார். பஸ்பி கெட்டவரா? இல்லவே இல்லை. ஆலமரம் நின்றால் அதன் அடியில் நெல் விளையாது, அவ்வளவுதான்.

அதே கிளப்பில் 26 வருடம் ஆண்ட அலெக்ஸ் ஃபெர்குசன் 2013-ல் விடைபெற்றபோது ரசிகர்களிடம் சரியாகத்தான் சொன்னார், புதியவர் பக்கம் நில்லுங்கள் என்று. டேவிட் மோயஸுக்கு ஆறு வருட ஒப்பந்தம். ஆனால் ஃபெர்குசனோடு சேர்ந்து கிளப்பின் தலைமை நிர்வாகியும் அதே கோடையில் போய்விட்டார். பழைய பயிற்சியாளர்களை வைத்துக்கொள்ளாமல் மோயஸ் தன் ஆட்களைக் கொண்டுவந்தார். பெரும் தூண்களான வீரர்கள் பலர் முப்பதைத் தாண்டியவர்கள். கிக்ஸுக்கு அந்த நவம்பரில் 40 வயது. ஓடு மாற்றவேண்டிய வீட்டை வெள்ளையடித்துக் கையில் கொடுத்த மாதிரி. மார்ச்சில் மைதானத்துக்கு மேலே விமானத்தில் பேனர் கட்டிப் பறக்கவிட்டார்கள், மோயஸ் வெளியேறு என்று. ஏப்ரலில் அனுப்பிவிட்டார்கள். பத்தே மாதம்.

இதே ஃபெர்குசனுக்கும் 1989 டிசம்பரில் அதே மைதானத்தில் ரசிகர் ஒருவர் பேனர் பிடித்தார், மூன்று வருடச் சாக்குப்போக்கு போதும், போய்வாருங்கள் என்று. ஐந்தே மாதத்தில் எஃப்.ஏ. கோப்பை வந்தது. முதல் லீக் பட்டம் வர 1993 ஆயிற்று. மோயஸுக்குப் பிறகு எத்தனையோ பெரிய பெயர்கள் வந்துவிட்டன. 2013-க்குப் பின் அங்கே லீக் பட்டம் வரவில்லை.

இனி எனக்குப் பிடித்த கட்டம். யூர்கன் கிளாப் 30 வருடக் காத்திருப்புக்குப் பிறகு 2020-ல் லிவர்பூலுக்கு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். 2024 ஜனவரியில், இந்தப் பருவத்தோடு போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். ரசிகர்கள் ஒரே குரலில் கேட்டது ஷாபி அலோன்சோவை. அவர் ஜெர்மனியிலேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். நெதர்லாந்திலிருந்து ஆர்னே ஸ்லாட் வருகிறார் என்றதும் பலர் முகம் சுளித்தார்கள். மே 19, கிளாப்பின் கடைசி ஆட்டம். மைக்கைக் கையில் வாங்கிய மனிதர், தன் பெருமை பேசவில்லை. இன்னும் ஊருக்கே வந்து சேராத ஸ்லாட்டின் பெயரைப் பாட்டாகப் பாட ஆரம்பித்தார். மைதானமே கூடப் பாடியது. அடுத்த ஏப்ரலில் ஸ்லாட் கையில் லீக் பட்டம்.

அந்த வீடியோவைப் பேரன் காட்டினான். பார்த்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டேன். காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன்.

2019 மே மாதம் நான் பணி நிறைவு பெற்றேன். ஜூனில் எனக்குப் பின் ஒரு டீச்சர் தலைமையாசிரியையாக வந்தார். நான் தினமும் காலையில் பேப்பர் படிக்கப் போகிற சாக்கில் பள்ளிக்கூடம் போனேன். வழிபாட்டுக் கூட்டம் நடக்கும்போது வேப்பமரத்தடியில் நிற்பேன். பிள்ளைகள் "பெரிய சார்" என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும். எனக்கு அது போதை. என் காலத்தில் கடைசிப் பாடவேளை வாய்ப்பாடு சத்தம் தெருமுனை வரை கேட்கும், உங்களுக்கே தெரியும். டீச்சர் அதை மாற்றிக் கதைப் புத்தகம் படிக்கவைத்தார். ஒருநாள் பிள்ளைகள் முன்னாலேயே கேட்டேன், "வாய்ப்பாடு சொல்லாமலா வீட்டுக்கு அனுப்புறீங்க?" என்று.

அவர் அப்போது ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் கேட் வரை வந்து சொன்னார். "சார், நீங்க இருக்கிற வரைக்கும் பிள்ளைங்க எங்கிட்ட எதுவுமே கேக்க மாட்டேங்குதுங்க சார்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் உறைத்தது. அதற்குப் பின் போகவில்லை. ஆனால் புரிந்துகொண்டு நிறுத்தவில்லை, கோபித்துக்கொண்டு நிறுத்தினேன். நன்றி கெட்ட பள்ளிக்கூடம் என்று பலரிடம் சொன்னேன். குரூப்பில் நீங்கள் "சார் இருந்தப்போ இப்படியா இருந்துச்சு" என்று எழுதும்போதெல்லாம் ஒரு கட்டைவிரலைத் தட்டிவிட்டு உள்ளுக்குள் மகிழ்ந்தேன்.

போன வாரம் அதே குரூப்பில், டீச்சரை மாற்றச் சொல்லிக் கல்வி அலுவலகத்தில் மனுக் கொடுப்போம், பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துவிட்டது, சார் காலம் மாதிரி ஆக்குவோம் என்று பேசியிருக்கிறீர்கள். என் மீதுள்ள பாசம் என்று தெரிகிறது. ஆனால் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். என் கடைசி ஆறேழு வருடத்திலேயே எண்ணிக்கை பாதியாகிவிட்டது. தெருவுக்குள் மெட்ரிக் பள்ளி வேன் வந்தது என் காலத்தில்தான். பிரிவு உபசார விழாவில் அதை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அதனால் வேண்டுகோள் இதுதான். அந்த மனுவில் என் பெயர் வேண்டாம். டீச்சரைக் குறையே சொல்லக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ரசிகனுக்குக் கேள்வி கேட்கிற உரிமை உண்டு, ஊருக்கும் உண்டு. நேரில் போங்கள், வகுப்பைப் பாருங்கள், அவரிடமே கேளுங்கள். அவர் செய்ததையும் செய்யாததையும் வைத்து எடை போடுங்கள். தராசின் இன்னொரு தட்டில் என்னைத் தூக்கி வைக்காதீர்கள்.

ஆண்டு விழாவுக்கு டீச்சர் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். இத்தனை வருடத்தில் முதல்முறையாகப் போகிறேன். மைக் கொடுத்தால் கிளாப் மாதிரி பாட எனக்குக் குரல் கிடையாது. அவர் பெயரைச் சொல்லி, பிள்ளைகளைக் கைதட்டச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். முடிந்தவர்கள் வாருங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே தாராளமாக எழுதுங்கள். எழுத்துப்பிழைக்கு மட்டும் மதிப்பெண் குறைப்பேன்.

வாழ்க வளமுடன்.
அன்புடன், உங்கள் சார்.