சுழியோடியின் மூச்சு

வாயுக்களின் விதிகளைப் பரீட்சைக்காக மனனஞ் செய்வதும், பரீட்சை முடிந்ததும் அவற்றை மறந்துவிடுவதும் மாணவரிடையே வழக்கமாகிவிட்டன. ஆயின், அவற்றுள் ஒரு விதியை மறந்தால் உயிரையே இழக்க நேரிடும் தொழிலும் உண்டு. அது கடலிற் சுழியோடுந் தொழிலாகும். ஆதலின் இவ்வாரம் வாயுக்களின் இயல்பைச் சுழியோடியைக் கொண்டே ஆராய்வோம்.

திண்மத்துக்குத் தனக்கென ஒரு வடிவமுண்டு. திரவத்துக்கு நிலையான வடிவம் இல்லையாயினும் நிலையான கனவளவு உண்டு. வாயுவுக்கோ இவ்விரண்டுமில்லை, எப்பாத்திரத்தில் அடைத்தாலும் அதனை முழுவதும் நிரப்பிக்கொள்ளும். வாயுவின் மூலக்கூறுகள் ஓயாது விரைந்தோடிப் பாத்திரத்தின் சுவர்களில் மோதுகின்றன. அம்மோதல்களாலேயே அமுக்கம் உண்டாகின்றது. இடத்தைப் பாதியாக்கினால் மோதல்கள் இருமடங்காகும், அமுக்கமும் இருமடங்காகும்.

இவ்வுண்மையைப் பரிசோதனையால் நிறுவியவர் றொபேட் போயில். காற்றின் மீள்சத்தி பற்றி 1660 இல் அவர் வெளியிட்ட நூலைப் பிரான்சிஸ் லைனஸ் என்னும் அறிஞர் மறுத்துரைத்தார். அம்மறுப்புக்கு விடையாகவே 1662 இல் போயில் தமது புகழ்பெற்ற பரிசோதனையை வெளியிட்டார். தூண்டில் முள்போல் வளைந்த கண்ணாடிக் குழாயொன்றின் குறும்புயத்தை மூடி, நெடும்புயத்தின் வழியே இரசத்தை ஊற்றினார். நெடும்புயத்து இரசம் மற்றையதிலும் ஏறக்குறைய 29 அங்குலம் உயர்ந்து நின்றபோது, 12 அங்குல நீளமாயிருந்த காற்று 6 அங்குலமாகச் சுருங்கியது. 29 அங்குல இரசம் வளிமண்டலத்தின் அமுக்கத்துக்குச் சமமாதலால், மொத்த அமுக்கம் இருமடங்காயிற்று, கனவளவு பாதியாயிற்று. வெப்பநிலை மாறாதிருப்பின், வாயுவின் அமுக்கத்தையும் கனவளவையும் பெருக்கி வருவது என்றும் ஒரே தொகையாகும்.

இனிக் கடலுக்குட் செல்வோம். ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகின்றது. முற்காலத்தில் மன்னார்க் கடலில் முத்துக்குளித்தோர், மூச்சை அடக்கிக் கல்லின் துணையுடன் அமிழ்ந்தனர். மேலே 6 இலீற்றராக உள்ளிழுத்த காற்று 10 மீற்றர் ஆழத்தில் 3 இலீற்றராகச் சுருங்கும். மேலே வந்ததும் மீண்டும் 6 இலீற்றராகும். ஆதலின் காற்று விரிவதனால் அவர்தம் சுவாசப்பைக்குக் கேடில்லை.

காற்றுச் சிலிண்டருடன் இறங்குபவரின் நிலை வேறு. 1943 இல் ஜாக் கூஸ்தோவும் எமீல் கன்யானும் அமைத்த கருவி, சுற்றியுள்ள நீரின் அமுக்கத்துக்கு ஏற்ற அமுக்கத்திலேயே காற்றை அளிக்கின்றது. ஆகவே 10 மீற்றர் ஆழத்திலும் சுவாசப்பையில் 6 இலீற்றர் நிரம்பும். அந்நிலையில் அஞ்சி மூச்சை அடக்கிக்கொண்டு மேலெழுந்தால், அக்காற்று 12 இலீற்றராக விரிய முயலும். அதனைத் தாங்காது சுவாசப்பை கிழியும். காற்றுக் குமிழிகள் குருதியிற் கலந்து மூளையைத் தாக்கவுங் கூடும். ஒருவரைக் காத்த அதே அடக்கிய மூச்சு மற்றொருவரைக் கொல்கின்றது! விதி ஒன்றே; மூச்சை இழுத்த இடமே வேறு.

ஆழங் குறைந்த இடத்தில் அபாயமில்லையென எண்ணுதல் தவறு. 30 மீற்றரிலிருந்து 20 மீற்றருக்கு ஏறுகையில் அமுக்கம் நான்கிலிருந்து மூன்றாகும். காற்று மூன்றிலொரு பங்கே பெருகும். 10 மீற்றரிலிருந்து மேற்பரப்புக்கு வருகையிலோ அது இருமடங்காகும். கடைசி ஏற்றத்திலேதான் எச்சரிக்கை மிகுதியும் வேண்டும்.

வெப்பத்துக்கும் விதியுண்டு. சாள்ஸ் முன்னரே கண்டிருந்ததைக் குறிப்பிட்டு, கே-லுசாக் அதனை 1802 இல் வெளியிட்டார். மூடிய சிலிண்டரில் காற்றின் அமுக்கம் தனிவெப்பநிலைக்கு ஏற்ப உயரும். செல்சியஸ் பாகையுடன் 273 ஐக் கூட்டினால் தனிவெப்பநிலை கிடைக்கும். 27 பாகையில் இருந்த சிலிண்டர் வெயிலில் 57 பாகையை அடைந்தால், 300 ஆனது 330 ஆகும். அமுக்கம் பத்திலொரு பங்கு கூடும். நிரப்பிய சிலிண்டரை வெயிலில் விடலாகாது என்பது இதனாலேயாம்.

சிலிண்டருடன் சுழியோடப் பழகுவோருக்கு முதலிற் புகட்டப்படும் பாடம், “மூச்சை ஒருபோதும் அடக்காதே, மெதுவாகவே மேலெழு” என்பது. போயிலின் விதியை அறிந்த மாணவருக்கு அப்பாடத்தின் காரணத்தை எவரும் விளக்கவேண்டியதில்லை.