எல்லை அறியாத எண்

கணிப்பொறியைச் சமைப்பவர் ஒரு சாராரும், நிரல்மொழியை வகுப்பவர் மற்றொரு சாராரும், இயக்க முறைமையை இயற்றுபவர் வேறொரு சாராருமாகப் பிரிந்து, அவரவர் சாஸ்திரத்தை அவரவர் வளர்த்து வந்ததனால் விளைந்த லாபம் பெரிது. ஆயினும், இம்மூன்றும் சந்திக்கும் இடம் காவலற்றுப் போனதனால் உலகம் அடைந்துவரும் நஷ்டமும் சிறிதன்று.

2014ஆம் ஆண்டில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்னும் குறையை நோக்குக. இணையத்தின் பெரும்பகுதி ரகசியம் காக்க நம்பியிருந்த ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளிடம், சில எழுத்துகளை மட்டும் அனுப்பிவிட்டு, அனுப்பியது 64 கிலோபைட் என்று சாதித்து அதனைத் திருப்பிக் கேட்டால், அது அளவைச் சரிபாராமல், அடுத்த நினைவகத்தில் கிடந்த பிறருடைய கடவுச்சொற்களையும் சேர்த்து வாரிக் கொடுத்துவிட்டது. எழுதியவரின் கவனக்குறைவு என்று மட்டும் இதனை ஒதுக்குவது நியாயமாகாது. அம்மென்பொருள் எழுதப்பட்ட சி மொழியில், நினைவக முகவரியைத் தாங்கும் பாயின்டர் சுட்டும் பொருள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது, அதற்கு இடம் ஒதுக்கிய வேளையில் தெரிந்தே இருக்கிறது. ஆனால், பிராசஸரின் கைக்கு வந்து சேர்வதோ எல்லை அறியாத வெறும் 64 பிட் எண். இயக்க முறைமையும், ஒரு நிரல் மற்றொன்றின் நினைவகத்தில் புகாமல் தடுக்குமேயன்றி, ஒரே நிரலுக்குள் நிகழும் அத்துமீறலைக் காண வல்லதன்று.

இந்த இடைவெளியை அடைக்கவே, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் எஸ்ஆர்ஐ இன்டர்நேஷனலும் 2010 முதல் செரி என்னும் கூட்டு ஆராய்ச்சியை நடத்தி வருகின்றன. பாயின்டரை 128 பிட்டாக அகலப்படுத்தி, முகவரியோடு எல்லையையும் அனுமதிகளையும் அதிலேயே பொதிந்து, நிரல் தானாக எழுத இயலாத தனியொரு பிட்டால் முத்திரையிடுகிறார்கள். எல்லை மீறினாலோ, முத்திரை இழந்தாலோ, பிராசஸரே வேலையை நிறுத்தி இயக்க முறைமையிடம் முறையிட்டுவிடும். இதற்காகக் கம்பைலரையும் ஃப்ரீபிஎஸ்டி இயக்க முறைமையையும் உடன் திருத்தினார்கள். 2022இல் ஆர்ம் நிறுவனம் மொரெல்லோ என்ற சோதனைப் பலகையையே வெளியிட்டது.

எண்ணம் புதிதன்று, கேம்பிரிட்ஜிலேயே 1970களில் கேப் கணிப்பொறி இதே நெறியில் பிறந்தது. அந்நெறியிலேயே 1981இல் இன்டெல் கொணர்ந்த ஐஏபிஎக்ஸ் 432 பிராசஸர் வேகமின்றி வீழ்ந்ததற்கு அதன் கம்பைலர் செம்மையுறாததும் ஒரு காரணம் என்பதை எண்ணும்போது, கணிப்பொறி, நிரல்மொழி, இயக்க முறைமை மூன்றையும் ஒருங்கே வளர்க்கும் பொறுமைக்கே பல்கலைக்கழகங்களும் அரசுகளும் நிதி வழங்க வேண்டும் என்ற என் கருத்து உறுதிப்படுகிறது.

பாயின்டர் இருமடங்காவதால் நினைவகச் சுமை ஏறுவது மெய்யே. அதனினும் கடினமானது வேறொன்று: விடுவிக்கப்பட்ட இடம் மற்றொரு பொருளுக்கு அளிக்கப்பட்ட பின்னரும், பழைய பாயின்டர் முத்திரையோடு எங்கேனும் எஞ்சியிருக்கலாம். எல்லை சரியாக இருப்பதால் பிராசஸர் அதனைத் தடுக்காது. இயக்க முறைமையே நினைவகம் முழுவதையும் துழாவி அம்முத்திரைகளை அழித்தாக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தாமதப்படாமல் அதனைச் செய்து முடிக்கும் உபாயத்தையே செரி ஆராய்ச்சியாளர் நாடி உழைத்து வருகின்றனர்.