சாமி ஏன் கேக்கலை?

மாமியாரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அன்றுதான் பூஜை விளக்கை ஏற்றினேன். ஐந்து வயது மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பாட்டிக்கு உடம்பு சரியாகணும்னு பிள்ளையாருக்கு தினம் தோப்புக்கரணம் போட்டேனே, சாமி ஏன் கேக்கலை? நான் பாட்டிகிட்ட சண்டை போட்டதாலயா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துக்கம் விசாரிக்க வந்த ஓர் அம்மாள், "நல்லவங்களை சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்குவார்" என்று வேறு அவளிடம் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து இவள் வேண்டுமென்றே சேட்டை செய்ததன் காரணம் இப்போதுதான் விளங்கியது. (நானோ இரண்டு அடி கொடுத்திருந்தேன்!)

தான் நினைத்ததாலோ செய்ததாலோதான் எதுவும் நடக்கிறது என்று இந்த வயதுக் குழந்தைகள் நம்புவதுண்டு. சுவிஸ் மனோதத்துவ நிபுணர் பியாஜே 1920களிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆகவே முதலில் அந்தப் பாரத்தை இறக்க வேண்டும். 'பாட்டி தூங்குறாங்க' என்றும் சொல்லி வைக்காதீர்கள். ராத்திரி படுக்கவே பயப்படும்.

மடியில் வைத்துக்கொண்டேன். "உன்னால இல்லேடா கண்ணு. பாட்டிக்கு இதயம் ரொம்ப பலவீனமாயிடுச்சு. டாக்டராலயும் சரி பண்ண முடியலை."

"சாமி?"

"அது அம்மாவுக்கும் தெரியலை."

"நீயும் சாமிகிட்ட கேட்டியா?"

"கேட்டேன்."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு விளக்குக்கு எதிரே ஒரே ஒரு தோப்புக்கரணம் போட்டுவிட்டு விளையாட ஓடினாள்.