இருமலை மறைக்காதீர்!

இருமல் வந்தால் அதற்கு ஒரு காரணம் சொல்லிவிடுவது நம் வழக்கம். தை மாதத்தில் வந்தால் கதிர் அடித்த தூசு என்கிறோம். மார்கழியில் வந்தால் பனி என்கிறோம். மற்ற மாதங்களில் பீடியின் மேல் பழியைப் போடுகிறோம். காரணம் கிடைத்ததும் கவலை தீர்ந்துவிடுகிறது. இருமல்தான் தீருவதில்லை!

எல்லா இருமலும் காசநோய் அல்ல. ஆனால், இரண்டு வாரம் ஆகியும் நிற்காத இருமலுக்குச் சளியைப் பரிசோதிக்காமல் யாரும் காரணம் சொல்லக் கூடாது. மாலையில் காய்ச்சல், பசியின்மை, உடல் மெலிவு, இரவில் வியர்வை, சளியில் ரத்தம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்துகொண்டால், ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

வேளாங்கண்ணியில் ஆண்டுதோறும் ஆகஸ்டு 29-ந் தேதி கொடி ஏறுகிறது. செப்டம்பர் 8-ந் தேதி வரை சாதி மத பேதமின்றி மக்கள் வெள்ளமெனத் திரள்கிறார்கள். மாதாவின் பெயரே ஆரோக்கிய மாதா. உடல் நலம் வேண்டி மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்கள் ஏராளம். அந்த நம்பிக்கையை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால், பிரார்த்தனை செய்த கையோடு சளிப் பரிசோதனையும் செய்துகொள்ளலாமே! ஒன்று மற்றொன்றுக்குப் பகை அல்ல. கொடி ஏறும் நாள் முதல் இறங்கும் நாள் வரை, சளிப் பரிசோதனைக்கென்றே தனிப் பந்தல் ஒவ்வோர் ஆண்டும் அங்கே இருக்க வேண்டும். இது காற்றில் பரவும் நோய். சிகிச்சை பெறாத ஒருவர் ஓர் ஆண்டில் பத்துப் பதினைந்து பேருக்கு இதைத் தொற்றவைக்கக்கூடும்.

பெண்ணின் கல்யாணம் தடைப்படும், வேலை போய்விடும் என்று அஞ்சிப் பலர் நோயை மறைக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம். இருமலை மறைக்க முடியுமா? இது சாபமும் அல்ல, குலத்தின் குறையும் அல்ல. ஒரு கிருமியின் வேலை. ராபர்ட் காக் 1882-லேயே அந்தக் கிருமியைக் கண்டு சொல்லிவிட்டார்.

நோயாளியை வீட்டை விட்டே விலக்க வேண்டும் என்ற பயமும் வீண். இதை உலகுக்கு நிரூபித்ததே நம் சென்னைதான். 1956-ல் அங்கே தொடங்கிய ஆராய்ச்சியில், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினர் ஆஸ்பத்திரியிலும், மற்றவர்கள் தங்கள் வீட்டிலும் மருந்து உண்டார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சத்தான உணவும் குறைவு, ஓய்வும் குறைவு. இருந்தும் அவர்கள் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே குணமடைந்தார்கள். வீட்டாருக்கும் அதனால் அதிகமாக நோய் பரவவில்லை. 1959-ல் வெளியான இந்த முடிவு, உலகெங்கும் சிகிச்சை முறையையே மாற்றியது.

இன்று அரசு ஆஸ்பத்திரிகளில் பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். சத்துணவுக்காக மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித் தொகை, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய் ஆகியிருக்கிறது. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து போதும். ஆனால், சில வாரங்களிலேயே இருமல் அடங்கிவிடும். “குணமாகிவிட்டதே!” என்று அப்போது மருந்தை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. எஞ்சிய கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாதவையாக மாறிவிடக்கூடும்.

குடும்பத்தாருக்குத்தான் இதில் பெரும் பொறுப்பு. வீட்டில் ஒருவர் இரண்டு வாரமாக இருமினால், அவரை ஒதுக்கிவைக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கூடவே போங்கள். ஆறாவது மாதத்தின் கடைசி மாத்திரை வரை கூடவே இருங்கள்.