நாலாவது சீட்டும் நம் சிரிப்பும்

வெளிநாட்டுக்காரர்கள் சீனாவில் போய்த் தங்கி, அந்த ஊர் வாழ்க்கையை வேடிக்கையாக எழுதுவது இன்று ஒரு தனி இலக்கியமாகவே வளர்ந்திருக்கிறது. பீட்டர் ஹெஸ்லர் என்ற அமெரிக்கர் 1996-ல் யாங்சி நதிக்கரையில் உள்ள ஃபூலிங் என்ற ஊருக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போனார். இரண்டாண்டுகள் இருந்தார். 2001-ல் புத்தகமாகப் போட்டார். வெளிநாட்டாருக்கெல்லாம் சீனர்கள் வைத்திருக்கும் பெயர் 'லாவ்வாய்'. எந்த நாடு, எந்த மொழி என்ற பேதமெல்லாம் அந்தச் சொல்லுக்குக் கிடையாது.

இதைக் கேட்டால் மும்பைத் தமிழனுக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? திருநெல்வேலியோ பாலக்காடோ, மங்களூரோ விஜயவாடாவோ, இங்கே எல்லோரும் 'மதராஸி'தானே! பம்பாய் 1995-ல் மும்பை ஆயிற்று. மதராஸ் 1996-ல் சென்னை ஆயிற்று. மதராஸி மட்டும் மதராஸியாகவே இருக்கிறான்.

ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்கும் நம்மவர்கள் இந்த நகரத்தைப் பார்த்து வியக்கும் வியப்பை எழுதினால் ஹெஸ்லருக்குக் குறையாமல் ஒரு புத்தகம் போடலாம். முதல் அதிர்ச்சி 'அண்ணா' என்ற சொல். நம் ஊரில் அது உறவு. இங்கே அது உத்தியோகம்! விடியற்காலையில் தாராவியிலிருந்து அலுமினியப் பாத்திரத்தோடு கிளம்பி, சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறவர் இட்லி அண்ணா. அறுபது வயது சேட்டும் அவரை அண்ணா என்பார், ஆறு வயதுப் பேரனும் அண்ணா என்பான்.

அடுத்தது தோசை. மாட்டுங்காவில் பிழைப்பு இல்லை; 1940 முதல் இருக்கும் கஃபே மெட்ராஸிலும், 1942 முதல் இருக்கும் ராமநாயக்கின் உடுப்பி போர்டிங்கிலும் நாக்கு தடம் மாறாது. ஆனால் தெருமுனைக்கு வாருங்கள். வெண்ணெயும் காய்கறியும் சிவப்புச் சட்னியும் கல்லிலேயே போட்டுப் பிசைந்து 'ஷெஸ்வான் தோசை' என்று நீட்டுவார்கள். சீனாவின் சிச்சுவான் மாகாணத்துக்காரர் அதைப் பார்த்தால் இது மதராஸிப் பண்டம் என்பார். நம் பாட்டி பார்த்தால் இது சீனப் பண்டம் என்பாள். இரண்டு பேரும் கைவிட்ட அந்தத் தோசையை மும்பை வளர்த்து ஆளாக்கியிருக்கிறது!

மொழிக் கூத்து தனி. விருந்துக்கு வந்த மராத்தி அம்மையாருக்கு நம் மாமி சோறு பரிமாற, அவர் 'பஸ், பஸ்' என்று கையால் தடுப்பார். மாமி ஜன்னல் வழியே தெருவை எட்டிப் பார்ப்பாள், எந்த நம்பர் பஸ் என்று. 'இன்னும் கொஞ்சம் சோறு' என்று மாமி உபசரித்தால், வந்தவர் காதில் 'சோர்' என்று விழும். திருடன் எங்கே என்று அவர் திரும்பிப் பார்ப்பார்.

ரயிலைப் பற்றிச் சொல்லாமல் மும்பையைப் பற்றிச் சொல்ல முடியுமா? தூரம் எவ்வளவு என்று கேட்டால் நிமிஷத்தில் பதில் சொல்லும் ஊர் இது. 8.12 லோக்கல் என்றால் 8.12 லோக்கல்தான், எட்டே கால் வண்டி என்று சொன்னால் யாருக்கும் புரியாது. தாதரில் இறங்க வேண்டியவர் முந்தின ஸ்டேஷனிலேயே வாசலுக்கு வந்து நிற்க வேண்டும். இறங்குவதா வேண்டாமா என்ற முடிவை அதற்குப் பிறகு கூட்டம் எடுத்துக்கொள்ளும்.

அந்த ரயிலில்தான் உலகத்தில் எங்கும் எளிதில் காண முடியாத ஒரு வழக்கம் இருக்கிறது. மூன்று பேர் உட்காரும் பலகையில் நாலாவதாக ஒருவர் வந்து நிற்பார். 'தோடா சரக்கோ' என்பார். மூவரும் முணுமுணுத்துக்கொண்டே நகர்வார்கள். நாலாமவருக்குப் பாதி உடம்புக்குத்தான் இடம். மீதி நடைபாதையில் தொங்கும். ஆனாலும் அது அவருடைய இடம். சாதி, மொழி கேட்டுக் கொடுத்த இடமல்ல.

நிற்க. வேடிக்கையில் இருந்து விஷயத்துக்கு வருவோம். சிரிப்பில் இரண்டு சாதி உண்டு என்பது என் கட்சி. நகர்ந்து இடம் கொடுத்துவிட்டுச் சிரிக்கும் சிரிப்பு ஒன்று. இடத்தை விட்டு எழுப்பச் சிரிக்கும் சிரிப்பு மற்றொன்று.

இரண்டாவது சிரிப்பை நம் பெரியவர்கள் அனுபவித்திருக்கிறார்கள். 1966-ல் சிவசேனை தோன்றியபோது அதன் ஆரம்ப காலக் கோபமெல்லாம் தென்னிந்தியர் மீதுதான். வேலையைப் பறிக்க வந்தவர்கள் என்றார்கள். நம் லுங்கியைக் கேலி செய்து கோஷம் போட்டார்கள். உடுப்பி ஹோட்டல்கள் மீது கல் விழுந்தது. கேலியில் தொடங்கியது கல்லில் போய் நின்றதை அன்று கடை வைத்திருந்தவர்கள் மறந்திருக்க முடியாது.

இவ்வளவு பட்ட நாம் இப்போது என்ன செய்கிறோம்? உத்தரப்பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்தவனை 'பையா' என்று இழுத்துச் சொல்லிச் சிரிக்கிறோம். 'பையா' என்றாலும் அண்ணன் என்றுதான் பொருள்! நம்மை அண்ணா ஆக்கிய ஊரில் நாம் அவனைப் பையா ஆக்குகிறோம். 2008-ல் வட இந்திய டாக்ஸி ஓட்டிகள் அடிபட்டபோது, 'இந்தத் தடவை நாம் இல்லை' என்று நம்மில் பலர் நிம்மதியாகக் கதவைச் சாத்திக்கொள்ளவில்லையா? நாலாவது சீட்டில் உட்கார்ந்து வந்தவன், மூன்றாவது சீட் கிடைத்ததும் 'இடமில்லை' என்று சொல்வது அழகா?

இன்னொன்றும் உண்டு. தாராவியைச் சுற்றிப் பார்க்க, வழிகாட்டியோடு வெளிநாட்டார் பல ஆண்டுகளாக வருகிறார்கள். படம் எடுக்கக் கூடாது என்று விதி வைத்து அழைத்து வருகிறவர்களும் இருக்கிறார்கள், நல்லது. நம்மை யாரோ வேடிக்கைப் பொருளாகப் பார்த்தால் உறுத்துகிறதல்லவா? மூன்று தலைமுறை இந்த ஊரில் இருந்துகொண்டு, மராத்தியில் பத்து வாக்கியம் பேசத் தெரியாமல், 'இந்த ஊர்க்காரர்களே இப்படித்தான்' என்று வீட்டில் நாம் பேசுவதும் அதே உறுத்தலைத்தானே கொடுக்கும்?

தஞ்சாவூரைப் பாருங்கள். 1676 முதல் 1855 வரை அங்கே மராட்டிய மன்னர்கள் இருந்தார்கள். சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்தார்கள். 1803-ல் தங்கள் குலவரலாற்றைப் பெரிய கோயில் சுவரிலேயே மராத்தியில் வெட்டி வைத்தார்கள். அவர்களோடு வந்த குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் வீட்டில் தங்கள் மராத்தியையும் வெளியே தமிழையும் பேசுகிறார்கள். ஒன்றுக்காக மற்றொன்றை அவர்கள் விடவில்லை. வந்த இடத்தில் வாழ்வதற்கு நமக்கு வேறு பாடம் தேவையில்லை. அண்ணா, அக்கா, ஆயி என்ற சொற்கள் அவர்கள் மொழியிலும் உண்டு என்பதே பாதிப் பாடம் முடிந்தது போலத்தான்.

இதில் பாதிக்கப்படுகிறவர்கள் நம் குழந்தைகள். செம்பூரில் பிறந்த பையனுக்கு இது அயலூர் அல்ல. விடுமுறையில் திருநெல்வேலிக்குப் போனால்தான் அவன் 'லாவ்வாய்'! அங்கே அவனை 'பம்பாய்க்காரன்' என்கிறார்கள். இங்கே 'மதராஸி' என்கிறார்கள். வீட்டில் நாமும் அவன் ஊரைக் கேலி செய்தால் அவன் எந்தப் பலகையில் போய் உட்காருவான்?

ஆகவே அன்பர்களுக்கு இரண்டு யோசனைகள். 2020 முதல் மாநிலப் பள்ளிகளில் மராத்தி கட்டாயப் பாடம். குழந்தைகள் எப்படியும் படிக்கிறார்கள். மாலையில் அரை மணி நேரம் அவர்களிடம் நாம் மராத்தி கற்போம். பதிலுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுப்போம். செலவில்லாத வியாபாரம். இரண்டாவது, நம் சங்க இதழில் குழந்தைகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குவோம். நம் வீட்டுப் பழக்கங்களை அவர்கள் கண்ணால் பார்த்து, வேடிக்கையாகத் தமிழில் எழுதட்டும். நம்மைப் பார்த்து நம் பிள்ளைகள் சிரிப்பதைத் தாங்கிக்கொண்டோமானால், ஊரைப் பார்த்துச் சிரிக்கும் உரிமையும் நமக்கு வந்துவிடும். அதுவரை கொஞ்சம் நகர்ந்து உட்காருவோம்.