கடலுக்கும் ஓய்வு வேண்டாமா?

வயலுக்கு வரம்பு உண்டு. வளவுக்கு வேலி உண்டு. கடலுக்கு யாது உண்டு? வாழைச்சேனையிலிருந்து வாகரைக்குச் செல்லும் பாதையில், காயான்கேணிக்கும் பனிச்சங்கேணிக்கும் இடையே அமைந்த மாங்கேணியில் கடலை நோக்கி நிற்போர்க்கு இவ்வினா எழாமற் போகாது. முன்னே பெருங்கடல், அருகே களப்பு. இரண்டும் எல்லோர்க்கும் பொது.

பொதுப்பொருளுக்கு ஒரு கேடு உண்டு. குஞ்சு மீனைக் கண்டு வலையைச் சுருட்டிக்கொள்ளும் நல்லவனையும், "நீ விட்டதை அடுத்தவன் அள்ளுவான்" என்னும் அச்சம் வாட்டுகின்றது. தடைசெய்யப்பட்ட தங்கூசி வலையை அவன் கையில் எடுக்கச் செய்வதும் அந்த அச்சமே. பேராசையினால் அழியும் கடலைக் காட்டிலும் அச்சத்தினால் அழியும் கடலே மிகுதி என்பது நமது கருத்து.

இந்நோய்க்கு மருந்து காண நம்மவர் முயலாமல் இல்லை. "பாடு" என்னும் சொல்லையே பாருங்கள். உழைப்பும் பாடு, துன்பமும் பாடு. கரையோர மக்களோ, வலை வளைக்கும் உரிமை வகுக்கப்பட்ட இடத்தையும் பாடு என்பர். கரைவலைப்பாடு என்னும் வழக்கு நம் நாட்டில் இன்றும் உண்டு. பூநகரிப் பகுதியில் வலைப்பாடு என ஓர் ஊரே இருக்கின்றது.

தமிழகத்துப் பழவேற்காட்டு ஏரியில் இப்பாடு ஒரு முறைமையாகவே வளர்ந்தது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர் இறால் பிடிக்கும் இடங்களைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். நல்ல நீரோட்டமுள்ள இடம் இன்று ஒருவனுக்கு, நாளை மற்றொருவனுக்கு. பணமுள்ளவன் அதனை நிரந்தரமாக வளைத்துக்கொள்ள இயலாது. நம் இலங்கையிலும் நீர்கொழும்புக் களப்பின் வாயிலில், இரவில் நீர் வற்றும்போது கடலுக்குச் செல்லும் இறாலைக் கட்டுவலைகொண்டு பிடிப்போர் இவ்வாறே முறைவைத்து வாழ்கின்றனர். நான்கு மீனவர் சங்கங்கள் கூடி நடத்தும் இவ்வழக்கத்திற்கு 1958ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் அரசின் ஏற்பையும் அளித்தன. மக்கள் வகுத்த நெறியைச் சட்டம் பின்தொடர்ந்து வந்தது என்பதே இதன் சிறப்பு.

ஆயினும் இம்முறைமையில் இரண்டு குறைகள் உள. சீட்டிலே பெயருள்ளவர்க்கு நீதி கிடைக்கின்றது. பெயரில்லாதவர் கரையிலேயே நின்றுவிடுகின்றனர். பழவேற்காட்டில் பாடு இல்லாத பிற சமூகத்தார் உரிமை கேட்டதனால் பிணக்குகள் எழுந்தது இதனாலேயே. மற்றொரு குறை இன்னும் நுட்பமானது. பங்கிடுதல் வேறு, பேணுதல் வேறு. பானையிலுள்ள சோற்றை எத்துணை நேர்மையாகப் பகிர்ந்தாலும், விதைநெல்லையும் சேர்த்துக் குற்றிச் சமைத்துவிட்டால் அடுத்த போகத்திற்கு என் செய்வது?

இவ்விடத்திலேதான் பசிபிக் பெருங்கடலின் சிற்றூர்கள் நமக்குப் பாடம் சொல்லுகின்றன. பிஜித் தீவிலுள்ள உதுனிவனுவா என்னும் ஊரில், சேற்றுக் கரையிலே பெண்கள் பொறுக்கியெடுக்கும் ஒருவகை மட்டி அருகிவந்தது. 1997ஆம் ஆண்டில் ஊரார் கூடி, 24 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 60 ஏக்கர் பரப்பை மூன்று ஆண்டுகளுக்கு மூடிவைத்தனர். அவர்தம் மூதாதையர் வழக்கில் இதற்குத் "தபு" என்று பெயர். கடல் முழுவதையும் அவர்கள் மூடினாரல்லர். ஒரு துண்டை மட்டுமே மூடினர். பல்கலைக்கழகத்தார் கற்பித்தபடி மட்டிகளைத் தாமே எண்ணிக் கணக்கும் வைத்தனர். மூடிய இடத்தில் மட்டி பெருகியதோடு, அதன் குஞ்சுகள் பரவிப் பக்கத்து இடங்களிலும் பெருகக் கண்டனர். பின்னர் இம்முறை பிஜியின் பல ஊர்களிலும் பரவியது.

சமோவாத் தீவிலோ, 1995 முதல் ஊர்மன்றங்கள் தத்தம் கரைக்குரிய மீன்பிடி விதிகளைத் தாமே எழுதலாயின. அரசு அவற்றைச் சரிபார்த்து ஏற்றபின், அவ்விதிகள் அயலூராரையும் கட்டுப்படுத்தும்.

"மூன்றாண்டு மூடினால் அதுவரை அடுப்பெரிவது எவ்வாறு?" என்று இல்லத்தரசியர் கேட்பர். மிக நியாயமான கேள்வி. எஞ்சின் படகு உள்ளவன் வேறிடம் செல்வான். கரையோரத்தில் அத்தாங்கு கொண்டு கறிக்கு மீன் தேடும் ஏழைக் குடும்பம் எங்கே செல்லும்? ஆதலின் மூடும் இடம் சிறிதாக இருத்தல் வேண்டும். காலத்திற்கு எல்லை வேண்டும். அதனால் இழப்புறுவோர்க்குத் திறந்துள்ள இடத்தில் முதற்பாடு வேண்டும். மீனை விலைகூறி விற்பவளும் கருவாடு உலர்த்துபவளும் அச்சபையிலே அமர்தல் வேண்டும். பசியைத் தாங்குவோரைக் கேளாமல் போட்ட தடை ஒரு மாதமும் நில்லாது.

நம்மிடம் இதற்கு இடமில்லையா? உண்டு. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டம், ஒரு நீர்ப்பரப்பை முகாமைத்துவப் பகுதியாக அறிவிக்கவும், அங்குத் தொழில் செய்வோர் குழுவாகக் கூடவும் வழி செய்கின்றது. அண்டையிலுள்ள காயான்கேணியின் முருகைக்கற் பாறைப் பரப்பை அரசு 2019இல் கடற் சரணாலயமாகப் பிரகடனம் செய்தது. நல்லதே. எனினும் வர்த்தமானியில் வரைந்த கோடு நள்ளிரவு இருளில் கண்ணுக்குத் தெரியாது. ஊரார் உள்ளத்தில் வரைந்த கோடு ஒன்றே அந்நேரத்தில் தெரியும்.

இவ்வாகரைக் கரை 2004இல் ஆழிப்பேரலையைக் கண்டது. 2006, 2007ஆம் ஆண்டுகளில் போரினால் ஊரைத் துறந்து மீண்டது. அனைத்தையும் இழந்து திரும்பியவர்க்கு எஞ்சியிருந்த முதல் இக்கடலும் களப்புமே. அம்முதலை உண்டு தீர்ப்பதா, அதன் வட்டியில் வாழ்வதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் கொழும்பிலுள்ளோர் அல்லர், மாங்கேணியின் மக்களே. பகிர்ந்துண்ணும் பாட்டு முறையை நம் முன்னோர் தந்தனர். கடலுக்குச் சிறிது ஓய்வு தரும் பண்பை நாம் சேர்த்துக்கொள்வோமாயின், நம் பிள்ளைகளுக்கும் ஒரு பாடு மிஞ்சும்.