பள்ளத்தாக்கில் பாட்டுக்கு ஓர் அறை கிடைக்காதா?

தேனி, கம்பம் பள்ளத்தாக்கில் இசைக்குப் பஞ்சமா? இல்லவே இல்லை!

சித்திரை வந்தால் வீரபாண்டி கவுமாரியம்மன் திருவிழா. மேளமும் ரேடியோ செட்டும் ஊரை அதிர வைக்கும். கல்யாண வீட்டில் நாதசுரம். சாவு வீட்டில் பறை.

ஆனால் ஒரு தவில்காரரும், ஒரு பறைக்காரரும், கிட்டார் படித்த காலேஜ் பையனும் ஒன்றாக உட்கார்ந்து, "இப்படி வாசிச்சுப் பார்ப்போமா?" என்று கேட்க இடம் வேண்டாமா? எத்தனை ஊரில் அப்படி ஓர் இடம் இருக்கிறது?

கூலிக்கு வாசிக்கும் இடத்தில் அது நடக்காது. கேட்ட பாட்டை வாசிக்க வேண்டும். காசை வாங்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டும். புதுசாக எதையாவது செய்து சொதப்பினால், அடுத்த தடவை கூப்பிட மாட்டார்கள். இப்போது விசேஷங்களுக்குக் கேரளச் செண்டை மேளத்தையும் வரவழைக்கிறார்கள். உள்ளூர்க் கலைஞர் பழசையே வாசித்துக்கொண்டு எத்தனை நாள் தாக்குப் பிடிப்பார்?

லாட்ஜ் அறை

இளையராஜா இந்தப் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்துக்காரர். அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகப் பாடியவர். சென்னைக்குப் போய் மேல்நாட்டு இசையை எங்கே கற்றார்? பளிங்கு மண்டபத்திலா? மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டர் தங்கியிருந்த லாட்ஜ் அறையில்!

1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. 1986-ல் பாக் இசையையும் நம் ராகங்களையும் கலந்து 'ஹவ் டு நேம் இட்' இசைத்தட்டு வந்தது. 2025 மார்ச் 8-ந்தேதி லண்டனில் அவரது சிம்பொனி அரங்கேறியது. அதற்கெல்லாம் அந்தச் சின்ன அறையும் ஒரு விதை.

குப்பத்து மேடை

2015-ல் சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவ மக்களோடு சேர்ந்து பாடகர் டி.எம்.கிருஷ்ணாவும் நண்பர்களும் ஒரு விழா தொடங்கினார்கள். அந்த விழா மேடையில் கர்நாடகப் பாட்டும் ஒலித்தது, பறையும் முழங்கியது.

2018 ஜனவரி 6-ந்தேதி கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி வளாகத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர் 19 பேர் ஏறினார்கள். கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே மேடையில்! சாதிக்கு எதிராகப் பாடினார்கள். ஊரே திரும்பிப் பார்த்தது.

ஒரே பாய்

தேனிக்கும் இது ஆகாத காரியமா? ராத்திரியில் பூட்டிக் கிடக்கும் ஒரு சமுதாயக் கூடம் போதும். இல்லையென்றால் ஒரு பள்ளி வகுப்பறை. வாரத்தில் ஒரு சாயந்திரம். ஒரு மின்விசிறி, நாலு பாய். வேறென்ன வேண்டும்?

"சத்தம் தொல்லை சார்" என்பார்கள் சிலர். திருவிழாவுக்கு விடிய விடிய குழாய் ஸ்பீக்கரைச் சகித்துக்கொள்கிறோமே! இது 9 மணிக்கு முடிந்துவிடும்.

வாசலுக்கு வெளியே நின்றே பறையடித்துப் பழகியவர், அங்கே நாதசுரக்காரர் பக்கத்தில் ஒரே பாயில் உட்காருவார். பாட்டை விட அது பெரிய சங்கதி.

மேற்கே ஓடிய பெரியாற்றுத் தண்ணீரை 1895-ல் கிழக்கே திருப்பினார்கள். அதனால்தான் இங்கே நெல் விளைகிறது. வேறு பக்கத்துத் தண்ணீர் கலந்ததால் மண் கெட்டா போயிற்று?

நகராட்சிகளே, பேரூராட்சிகளே, ஒரு சாவியைக் கொடுங்கள். பாட்டு தானாக வரும்!